வரப்பில் நாய்த்துளசி, கொடியில் பரங்கிக்காய்



வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த இரண்டாம் வருடம் 60 சென்ட்டில் பரங்கி போட்டேன். திண்டுக்கல் பக்கம் செம்மண் பூமி, கிணற்றுப் பாசனம். கொடி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், "சார், இந்த வருசம் உங்களுக்கு லாரிதான்" என்றார்கள். பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. எலுமிச்சை அளவு வருவதற்குள் மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்தது. நின்ற காய்களிலும் பாதி, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிப்போனவை. கடைசியில் ஒரு குட்டியானை வண்டிகூட முழுதாக நிறையவில்லை. கிராஜுவிட்டி பணத்தில் கிணறு ஆழப்படுத்தி, சொட்டுநீர் போட்ட வருடம் அது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

சத்துக் குறைவு என்று நினைத்துப் பஞ்சகவ்யா கொடுத்தேன். தேமோர்க் கரைசல் அடித்தேன். மீன் அமிலமும் கொடுத்துப் பார்த்தேன். பூ இன்னும் கூடியது. பிஞ்சு மட்டும் நிற்கவே இல்லை.

களையெடுக்க வரும் அக்கா ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். "காய் புடிக்கணும்னா ஈ வரணும்ல சார். வரப்பையெல்லாம் மொட்டையடிச்சு வச்சிருக்கீங்க. அது எங்கிட்டு வந்து உக்காரும்?"

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் மறுநாள் விடியற்காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பரங்கிக் கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கணக்குப் பார்த்தே பழகிய கை. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை கண்ணுக்கு எட்டிய பூக்களில் எறும்பு இருந்தது, இலையைக் கடிக்கும் சிவப்பு வண்டு இருந்தது. தேனீ என்று எழுதிய கட்டத்தில் ஒரு கோடுகூடப் போட முடியவில்லை.

பிஞ்சு ஏன் உதிர்கிறது?

பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூ வெறும் நீளக் காம்போடு நிற்கும். பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து போய்ச் சேராது. யாராவது சுமந்து போக வேண்டும். அதுவும் பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். அந்த அரை நாளில் ஆள் வரவில்லை என்றால் அந்தப் பூவின் கதை முடிந்தது. வந்தாலும் சூல்முடியின் எல்லா மடல்களிலும் மகரந்தம் போதுமான அளவு படவில்லை என்றால், விதை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் காய் கோணலாகிவிடும். சூம்பிய காய்க்கு இதுவும் ஒரு காரணம்.

பிஞ்சு உதிர்ந்தாலே தேனீ இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு எளிய சோதனைகள் இருக்கின்றன.

ஒன்று, உதிர்ந்த பிஞ்சைக் கத்தியால் கீறிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அதற்கு வைத்தியம் வேறு. புழு இல்லாமல் வெறுமனே மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேராமல் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு, காலை ஏழு மணிக்குள் புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் எல்லாப் பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். பத்துப் பெண் பூவுக்கு இப்படிச் செய்து சிவப்பு நூல் கட்டுங்கள். இன்னொரு பத்தைச் சும்மா விட்டு வெள்ளை நூல் கட்டுங்கள். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சிவப்பு நூல் நின்று வெள்ளை நூல் உதிர்ந்தால் உங்கள் தோட்டத்தில் ஈ பற்றாக்குறை. இரண்டும் உதிர்ந்தால் வெயில், தண்ணீர், சத்து என்று வேறு பக்கம் தேட வேண்டும். தழைச்சத்து மிஞ்சினாலும் கொடி மட்டும் ஓடி, காய் குறையும்.

என் தோட்டத்தில் சிவப்பு நூல்தான் நின்றது. அந்தப் பருவத்தின் மீதிப் பூக்களுக்குக் கையாலேயே மகரந்தம் தடவினேன். முதுகு ஒடிந்தது. தேனீ சம்பளம் வாங்காமல் செய்கிற வேலைக்கு எவ்வளவு கூலி ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பயிர்ப் பூ மட்டும் போதாது

இங்கே என் பழைய தொழிலை வைத்து ஒன்று சொல்கிறேன். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் சம்பளம் கொடுத்துவிட்டு, மீதிப் பதினொரு மாதம் நீயே பார்த்துக்கொள் என்றால் எந்த ஆள் நம்மிடம் வேலையில் இருப்பான்? தேனீயிடம் நாம் இதைத்தான் எதிர்பார்க்கிறோம். பரங்கி பூக்கும் சில வாரம் விருந்து. அதற்கு முன்னும் பின்னும் வெறும் வரப்பு. அந்த இடைவெளியில் அவை பசியில் குறைந்துபோகும், அல்லது வேறு இடம் தேடும். நமக்குத் தேவையான காலையில் அவை பக்கத்தில் இருக்காது.

பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும் பூத்துக் காப்பாற்றுகின்றன. முருங்கை நடுநடுவே கை கொடுக்கிறது. மற்ற மாதங்களில் வரப்பிலும் வேலியோரத்திலும் இருக்கும் சின்னச் சின்னப் பூக்கள்தான் சோறு. அவற்றைத்தான் நான் மண்வெட்டியால் சீவி எறிந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிர்க்கடன் கொடுக்கும் அதிகாரியாக நூற்றுக்கணக்கான தோட்டங்களை ஆய்வு செய்திருக்கிறேன். வரப்பு சுத்தமாக இருந்தால், 'நல்ல பராமரிப்பு' என்று எழுதுவேன். தும்பையும் துளசியும் மண்டிக் கிடந்தால் அந்த விவசாயி அக்கறை இல்லாதவர் என்று மனதில் ஒரு முடிவு விழுந்துவிடும். அப்படி எழுதிய குறிப்புகளில் எத்தனை பேருடைய தோட்டத்தில் காய் நன்றாகப் பிடித்திருந்தது என்று நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

எந்தச் செடி?

நான் தேர்ந்தெடுத்தது நாய்த்துளசி. சில ஊர்களில் கஞ்சாங்கோரை என்பார்கள். வீட்டுத் துளசிக்குத் தம்பி. முழங்கால் உயரம் வளரும். இலை சிறியது. கசக்கினால் எலுமிச்சையும் கற்பூரமும் கலந்த மாதிரி வாசம் தூக்கும். கதிர் கதிராக, அடுக்கடுக்காகச் சின்ன வெள்ளைப் பூ. குழந்தைக்குச் சளி என்றால் பாட்டிமார் தேடிப் போகும் செடி. காய்ந்த செடியைப் புகைத்து மாலையில் கொசு விரட்டுவார்கள்.

தாவரவியல் பெயர் ஆசிமம் அமெரிக்கானம். பெயரைப் பார்த்து வெளிநாட்டுச் செடி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெயர் வைத்தவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள். இதன் இயல்பான இருப்பிடம் ஆப்பிரிக்காவும் நம் தெற்காசியாவும்தான். நம் மானாவாரி நிலத்துக்குப் பழகிய செடி.

ஒரு எச்சரிக்கை. தரிசுகளிலும் சாலையோரங்களிலும் துளசி மாதிரியே வாசம் அடிக்கும் இன்னொரு செடி புதர் புதராகப் பரவிக் கிடக்கிறது. ஹிப்டிஸ் என்பது அதன் பெயர். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த களை. ஆள் உயரம் வரை வளரும். பூ வெள்ளையாக இருக்காது, ஊதா நிறம். பூவைத் தாங்கும் கிண்ணத்தில் முள் முள்ளாக இருந்து கையை உறுத்தும். அதைக் கொண்டுவந்து வரப்பில் விட்டால் பிறகு நிலத்தையே பிடித்துக்கொள்ளும். ஆகவே பூக்கும் காலத்தில் பார்த்து, வெள்ளைப் பூ, முழங்கால் உயரம் என்று உறுதி செய்த பிறகே விதை எடுங்கள்.

நாய்த்துளசியைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள். பூ சிறியது, தேன் ஆழத்தில் இல்லை. கொசுத்தேனீ, கொம்புத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ எல்லாவற்றுக்கும் நாக்கு எட்டும். கதிர் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போவதால் ஒரே நாளில் தீர்ந்துவிடாது. வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துப் பூக்கும்.

இதற்குத் துணையாகத் தும்பை. அதை நான் விதைக்கவே இல்லை. மழைக்குப் பின் தானாக வந்தது. சீவாமல் விட்டேன், அவ்வளவுதான். அதற்குத் தேனீயோடு வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன.

விதை எடுப்பதும் விதைப்பதும்

கதிரின் அடிப்பாதி பழுப்பாக மாறியதும் காலையில் கதிரை வெட்டி, துணிப்பைக்குள் தலைகீழாகப் போட்டு நிழலில் நான்கைந்து நாள் தொங்கவிடுங்கள். கையால் கசக்கிப் புடைத்தால் கறுப்பாகப் பொடி விதை கிடைக்கும். சப்ஜா விதை மாதிரியே இதுவும் தண்ணீர் பட்டால் வழவழப்பான உறை கட்டிக்கொள்ளும். அதனால் விதையை ஊறவைக்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூவ வராது. முதல் தடவை நான் பீஜாமிர்தத்தில் நனைத்துக் கொழுக்கட்டை மாதிரி பிடித்துவைத்தேன். பாதி வீண்.

ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்து, வரப்பின் மேல் மண்ணை லேசாகக் கீறிவிட்டுத் தூவி, கையால் அமுக்கிவிட்டால் போதும். ஆழமாக மூட வேண்டாம். ஆடி, ஆவணி மழையை ஒட்டித் தூவலாம். மழை தவறினால் ஒரு வாரம் பூவாளியில் தெளிக்க வேண்டும். எரு போட வேண்டாம். போட்டால் இலையாகத்தான் வளரும். சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும்.

இடம் முக்கியம். பாத்திக்குள் வேண்டாம், வரப்பு, வாய்க்கால் கரை, வேலி ஓரம் இவற்றில் இரண்டடி அகலப் பட்டை போதும். கொசுத்தேனீ சில நூறு மீட்டருக்கு மேல் இரை தேடிப் போகாது. அதனால் காய்கறிப் பாத்திக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாய்க்கால் கரையில் போட்டது கோடையிலும் கசிவு நீரில் தாக்குப்பிடிக்கிறது.

திருநீற்றுப்பச்சிலையை விதைக்காக வளர்ப்பவர்கள் இதை அதன் பக்கத்தில் போட வேண்டாம். இரண்டும் உறவுச் செடிகள். தேனீ மகரந்தத்தைக் கலந்துவிட்டால் உங்கள் விதை கலப்படமாகும்.

மொத்தமாக வெட்டாதீர்கள்

என் வரப்பை நான்கு பகுதியாகப் பிரித்து, கம்பு நட்டு எண் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு பகுதி என்று, பூத்து முடிந்த கதிர்களை மட்டும் மேல் மூன்றில் ஒரு பங்கு வெட்டுகிறேன். ஒன்றை வெட்டும்போது மற்ற மூன்றில் பூ இருக்கும். முதல் பகுதிக்குத் திரும்பி வரும்போது அது மீண்டும் பூத்துவிட்டிருக்கும். வெட்டியது மூடாக்கு. விதை முற்றும் முன் வெட்டிவிட்டால் பாத்திக்குள் பரவும் என்ற பயமும் இல்லை. ஒரு பகுதியை மட்டும் விதைக்காக முற்ற விடுகிறேன்.

சோறு மட்டும் போதாது, வீடும் வேண்டும்

கத்தரிக்கும் தக்காளிக்கும் இன்னொரு வகை ஆள் தேவை. அவற்றின் மகரந்தம் குழாய் மாதிரியான பைக்குள் இருக்கும். நுனியில் சின்னத் துளை. பூவைப் பிடித்து அதிரச் செய்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நாம் கருவண்டு என்று சொல்லும் தச்சுத்தேனீயும், வயிற்றில் நீலக்கோடு போட்ட நீலப்பட்டைத் தேனீயும் ரீங்காரம் போட்டுக் குலுக்கி எடுக்கும். நாய்த்துளசிக்கு நீலப்பட்டைத் தேனீ வருவதை என் தோட்டத்தில் தினமும் பார்க்கிறேன்.

தச்சுத்தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்கும். நீலப்பட்டைத் தேனீ மண்ணிலும் மண்சுவரிலும் வளை தோண்டும். கொசுத்தேனீ சுவர்ப் பொந்து, மரப்பொந்தில் இருக்கும். ஆகவே பட்டுப்போன முருங்கைக் கிளையை எல்லாம் அடுப்புக்கு எடுத்துவிடாமல் ஒன்றிரண்டு விட்டுவைக்கிறேன். பம்புசெட் ஓரம் ஒரு துண்டு நிலத்தை உழுவதே இல்லை. பழைய மண்சுவரைப் பூசவும் இல்லை. கோடையில் அகலமான மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைக்கிறோம். கல் இல்லாவிட்டால் ஈ மூழ்கிவிடும்.

நம் கரைசலும் ஈயைப் பாதிக்கும்

இயற்கை விவசாயிகள் நாம் ஒரு தப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். "நம்ம கரைசல்தானே, ஈயை என்ன செய்யும்?" என்று. அக்னி அஸ்திரமும் வேப்பெண்ணெய்க் கரைசலும் பூச்சியைக் குறிவைத்துத் தயாரித்தவை. பூவில் உட்கார்ந்திருக்கும் ஈயின் மேல் பட்டால் அதுவும் பூச்சிதான். குறைந்தது அந்த வாடைக்கு அந்தப் பூவை ஒதுக்கிவிடும். முதல் இரண்டு வருடமும் நான் காலை ஏழு மணிக்குத்தான் தெளித்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பரங்கிப் பூ விரிந்திருக்கும் நேரம்!

இப்போது பயிரைப் பார்த்து நேரம் வைக்கிறேன். பரங்கி, பாகல் இரண்டும் காலையில் பூப்பவை, அவற்றுக்குச் சாயங்காலம். பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் பொழுது சாயும் நேரத்தில் விரிபவை. அவற்றுக்குப் பூ விரியும் முன் மூன்று, நான்கு மணிக்குள் முடித்துவிடுகிறேன். சுரைக்கும் புடலைக்கும் இரவில் வரும் அந்துப்பூச்சிகள்தான் முக்கியமாக வேலை செய்கின்றன. பகலில் ஈயைக் காணோம் என்று அவற்றில் பதற வேண்டாம். நாய்த்துளசிப் பட்டையின் மேல் எதையும் எப்போதும் தெளிப்பதில்லை.

பலன்

அடுத்த வருடம் அதே நிலம், அதே விதை. ஆடியில் வரப்பில் தூவியது புரட்டாசியில் பூத்திருந்தது. தை மாதம் ஊன்றிய பரங்கி பூக்க ஆரம்பித்தபோது மறுபடி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஆறேகாலுக்கு முதல் ஈ வந்தது. ஏழு மணிக்குள் கோடு போட இடமில்லாமல் அடுத்த பக்கம் புரட்டினேன். பத்து மணி சுமாருக்கு அவை பரங்கியை விட்டு வரப்புக்கு நகர்ந்தன.

எல்லாப் பிஞ்சும் நின்றுவிடவில்லை. எந்தக் கொடியிலும் அப்படி நிற்காது. ஆனால் கையால் தடவாமலே காய் பிடித்தது. கோணல் காய் குறைந்து, வியாபாரி கழிக்கும் காயும் குறைந்தது. குட்டியானை மூன்று நடை போனது. இதில் நாய்த்துளசியின் பங்கு எவ்வளவு, தெளிக்கும் நேரத்தை மாற்றியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் பூ நேரத்தில் ரசாயன மருந்து அடித்தால் நம் ஈயும் சாகும் என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்துக்காரரிடம் நான் சண்டை போடவில்லை. ஒருநாள் விடியற்காலையில் கூப்பிட்டு என் பரங்கிப் பூவைக் காட்டினேன். இப்போது அவர் சாயங்காலம் அடிக்கிறார். அதுவே பெரிய விஷயம்.

போன மாதம் கே.சி.சி. கடனைப் புதுப்பிக்க ஒரு இளம் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். வரப்பைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "சார், களை எடுக்க ஆள் கிடைக்கலையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஒரு கதிரைக் கிள்ளிக் கையில் கொடுத்து, கசக்கி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பரங்கிப் பூவைக் காட்டலாம் என்றால் மணி பன்னிரண்டு, எல்லாம் மூடியிருந்தன. "அடுத்த தடவை காலை ஆறு மணிக்கு வாங்க தம்பி" என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நீங்கள் எல்லா வரப்பையும் மாற்ற வேண்டாம். காய்கறிப் பாத்திக்கு ஒட்டிய ஒரே ஒரு வரப்பில் இந்தப் பட்டத்தில் தூவிப் பாருங்கள். விதை வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஓடைக்கரையில் வெள்ளைப் பூவோடு நின்றுகொண்டிருக்கும். விதைப்பதற்கு முன் ஒரு நாளும், அது பூத்த பிறகு ஒரு நாளும், விடியற்காலை இரண்டு மணி நேரம் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டு வையுங்கள்.